3.3 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு: பல வழிகளுக்குப் பின் நிலைத்த ஒரு ஐசி

மைக்ரோகன்ட்ரோலர்கள் பெரும்பாலும் 3.3 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டன. அவற்றோடு நாம் இணைக்கிற எல்இடி பட்டைகளும் டிஸ்பிளேக்களும் பல இன்னும் 5 வோல்ட்டை விட்டு வரவில்லை. ஒரு மின்னழுத்தத்தில் வரும் சிக்னலை இன்னொரு மின்னழுத்தத்துக்கு மாற்றும் லெவல் ஷிஃப்டர் வகைகள் சிலவற்றை நெடுநாள் பயன்படுத்திப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: எத்தனை வோல்ட் என்பதைவிட, சிக்னல் எவ்வளவு வேகமானது, எந்தத் திசையில் போகிறது என்பதைப் பார்த்தே இதை வாங்க வேண்டும்.

“ஷிஃப்டர் இல்லாமலேயே ஓடுகிறதே” என்பார்கள். ஓடும், மேசைமேல் இருக்கும்வரை. டபிள்யூஎஸ்2812பி எல்இடி, தன் மின்வழங்கலின் 0.7 மடங்கு மின்னழுத்தம் வந்தால்தான் அதை ‘உயர்’ நிலையாக ஏற்க உறுதி தருகிறது. 5 வோல்ட்டில் அது 3.5. நாம் கொடுப்பதோ 3.3. பவர் சப்ளை கொஞ்சம் கூடினாலோ வயர் நீண்டாலோ விளக்குகள் மனம்போன நிறத்தில் மினுக்கத் தொடங்கும்.

பிஎஸ்எஸ்138 என்ற மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் போல் இயங்கும் டிரான்சிஸ்டர்) வைத்த சிறிய போர்டுதான் எல்லோரும் முதலில் வாங்குவது. சென்சார்களோடு இரு வயர்களில் பேசும் ஐ2சி இணைப்புக்கு அதில் எனக்குக் குறையே இல்லை; இரு திசையிலும் போகும், மாதக்கணக்கில் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அதே போர்டை எல்இடி பட்டைக்குப் போட்டு ஆஸிலோஸ்கோப்பில் பாருங்கள். அலை ஏறக்குறைய பாதி உயரம்வரை சட்டென ஏறும். அதற்கு மேல் மாஸ்ஃபெட்டின் உதவி கிடையாது. 10 கிலோ ஓம் மின்தடை மட்டுமே இழுக்க வேண்டும் என்பதால் முனை வளைந்து, சோம்பலாக மேலே போகும். வயரின் கொள்ளளவு 50 பிகோஃபாரட் என்றாலே காலமாறிலி, அதாவது மீதி ஏற்றத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை முடிக்க ஆகும் நேரம், 0.5 மைக்ரோவினாடி. பட்டைக்கு ‘0’ என்று சொல்லும் துடிப்பின் நீளமே சுமார் 0.4 மைக்ரோவினாடிதான்! அது உச்சியைத் தொடுமுன்பே இறங்க வேண்டியிருக்கிறது.

திசையைத் தானே கண்டுபிடிக்கும் டிஎக்ஸ்பி0108 ஐசி கேட்க அழகாக இருக்கும். குட்டையான தடங்களில், ஒரே போர்டுக்குள், நன்றாகவே உழைக்கிறது. நீண்ட வயரோ சிக்னலை மேலே இழுத்துப் பிடிக்கும் வலுவான புல்-அப் மின்தடையோ வந்தால் குழம்பிவிடுகிறது. புல்-அப்களை நம்பியே ஓடும் ஐ2சிக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நிலைத்தது 74ஏஎச்சிடி125, வந்த சிக்னலை வலுவாக்கி வெளியே தரும் பஃபர் ஐசி. 5 வோல்ட்டில் இயங்கும்போது 2 வோல்ட் உள்ளீட்டையே ‘உயர்’ என ஏற்றுக்கொள்கிறது. வெளியே வருவது செங்குத்தாக எழும் முழு 5 வோல்ட் அலை. வாங்கும்போது பெயரில் ‘டி’ இருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள். வெறும் 74எச்சி125 கேட்பதும் அதே 3.5 வோல்ட்தான், அதை வாங்கிப் பயனில்லை.

பொருத்தும்போது மின்வழங்கல் கால்களுக்கு அருகிலேயே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வேண்டும். பயன்படுத்தாத உள்ளீடுகளைத் தொங்கவிடாமல் கிரவுண்டில் கட்டுங்கள். பயன்படுத்தும் உள்ளீட்டுக்கும் கிரவுண்டை நோக்கி இழுக்கும் 10 கிலோ ஓம் புல்-டவுன் மின்தடை நல்லது. மைக்ரோகன்ட்ரோலர் விழித்தெழும் அந்தக் கணத்தில் அதன் வெளியீட்டுக் கால் எந்த நிலையிலும் இல்லாமல் மிதக்கும், புல்-டவுன் இல்லையென்றால் பட்டையில் காரணமில்லாமல் ஒரு வெளிச்சம் அடித்து மறையும். வெளியீட்டில் 330 ஓம் தொடர் மின்தடை போட்டால் நீண்ட வயரின் எதிரொலி அடங்குகிறது. இரு போர்டுகளுக்கும் கிரவுண்ட் பொதுவாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் கேட்டு வருகிற சந்தேகங்களில் பாதி அங்கேதான் முடிகிறது.

0–10 வோல்ட் கேட்கும் டிம்மர்களுக்கு இது எதுவும் உதவாது. அங்கே வேண்டியது அனலாக் பெருக்கம். பிடபிள்யூஎம்மை (அகலம் மாறும் துடிப்புகளை) வடிகட்டி, 12 வோல்ட்டில் ஓடும் எல்எம்358 பெருக்கி ஐசியில் 20 கிலோ, 10 கிலோ ஓம் மின்தடைகளை வைத்து மும்மடங்காக்கினால் 9.9 வோல்ட் கிடைக்கிறது. அந்த ஐசியின் வெளியீடு மின்வழங்கலுக்கு ஏறத்தாழ 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும் என்பதால் 10 வோல்ட் சப்ளையில் இது நடக்காது.

74ஏஎச்சிடி125இல் ஒரே குறை, நான்கு தடங்களும் ஒருவழிப் பாதை. 5 வோல்ட் சென்சார் திருப்பிச் சொல்வதைக் கேட்க, வேகம் குறைவென்றால் 1 கிலோவும் 2 கிலோவும் சேர்ந்த மின்தடைப் பிரிப்பான் போதும். வேகம் தேவையென்றால் 3.3 வோல்ட்டில் இயங்கும் 74எல்விசி125ஐப் போடுகிறேன், அதன் உள்ளீடு 5 வோல்ட்டைத் தாங்கும்.