ரெவ் ஏற்றி ஓட்டுவதா, அடக்கி ஓட்டுவதா: ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜினுக்கு எது ஆகாது?

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. ரெவ் மீட்டர் முள் ரெட்லைன் (இன்ஜின் தாண்டக் கூடாத சுழற்சி எல்லை) பக்கம் போனாலே இன்ஜினுக்கு ஆயுள் குறையும் என்று, டாப் கியரில் 1,500 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 1,500 சுற்று) உருட்டிக்கொண்டு போவது ஒரு கட்சி. அவ்வளவு தூரம் சுற்றும் என்பதற்காகத்தானே வாங்கினோம் என்று கியரை மாற்றாமல் உறுமவிட்டபடி போவது இன்னொன்று. என் ஓட்டு பெரும்பாலும் இரண்டாவது கட்சிக்குத்தான். ஆனால் முதல் கட்சியின் பயம் வெறும் பிரமை இல்லை.

ரெவ் மீதான குற்றச்சாட்டு

மேலே போன பிஸ்டன் நின்று திரும்பும்போது அதைப் பிடித்து இழுப்பது, பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் அதன் போல்ட்டுகளும். அந்த விசை சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 4,500 ஆர்.பி.எம்.மில் இருப்பதைவிட 9,000-இல் நான்கு மடங்கு. இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம்: ராடு மிக அதிகமாக இழுபடுவது புகை வெளியேறும் ஸ்ட்ரோக்கின் முடிவில், பிஸ்டனை எதிர்த்துத் தள்ள எரிந்த வாயுவின் அழுத்தம் இல்லாத நேரத்தில். அப்படியானால் நியூட்ரலில் நிறுத்தி ரெட்லைன் வரை உறுமவிட்டுக் காட்டுவது, கார் ஓர் அடிகூட நகராமல் ராடுக்கு முழுத் தண்டனை கொடுப்பதுதான்.

991 தலைமுறை போர்ஷே 911 ஜிடி3-இல் ரெட்லைன் 9,000. 2014-இல் சில கார்கள் தீப்பிடித்தன. ராடு போல்ட் தளர்ந்ததே காரணம் என்று தெரிந்ததும் 785 கார்களுக்கும் இன்ஜினையே மாற்றிக் கொடுத்தது நிறுவனம். புது இன்ஜினில் மாறியது போல்ட் அமைப்பு. ரெட்லைன் அதே 9,000-இல்தான் நின்றது. தவறு சுழற்சி எண்ணில் இல்லை, அதைத் தாங்க வேண்டிய பாகத்தில் இருந்தது.

ஆர்.பி.எம். எண்ணை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிடவும் முடியாது. ஹோண்டா எஸ்2000-இன் முதல் 2.0 லிட்டர் இன்ஜினுக்கு ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு முறை போகும் தூரம்) 84 மி.மீ., ரெட்லைன் 9,000. பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 25.2 மீட்டர். பின்னால் வந்த 2.2 லிட்டருக்கு ஸ்ட்ரோக் 90.7 மி.மீ., ரெட்லைன் 8,000. வேகம் நொடிக்கு 24.2 மீட்டர். ரெவ் மீட்டரில் ஆயிரம் குறைந்தாலும் பிஸ்டனுக்குக் கிடைத்த சலுகை சொற்பம்.

தேய்மானக் கணக்கு சுலபமானது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் 3,000 ஆர்.பி.எம். என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 1,800 சுற்று. அதே வேகத்தில் 6,000 என்றால் 3,600. உராய்வு கூடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலும் கொஞ்சம் குறையும். ஆனால் ஆயில் சூடேறி நல்ல நிலையில் இருந்தால் பேரிங்கும் தண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, நடுவில் ஆயில் படலம் இருக்கிறது. ஆகவே சுற்று இரட்டிப்பானால் தேய்மானமும் இரட்டிப்பு என்று கணக்குப் போடக் கூடாது.

திணற ஓட்டுவதன் விலை

அந்தப் படலம்தான் அடக்கி ஓட்டும் முதல் கட்சியின் பலவீனம். தண்டு வேகமாகச் சுற்றும்போதுதான் ஆயிலை இழுத்துவந்து தடிப்பான படலம் போடும். மெதுவாகச் சுற்றும்போது படலம் மெலியும். டாப் கியரில் 1,500-இல் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால், மெலிந்த அந்தப் படலத்தின் மேல் முழு எரிப்பு அழுத்தமும் இறங்கும். டிரைவருக்கு என்னவோ மென்மையாக ஓட்டுவது போலத்தான் இருக்கும்.

பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்ஷனும், கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவும் உள்ள இன்ஜின்களில் ஆபத்து இன்னும் பெரிது. தாழ்ந்த ரெவ், அதிக பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) என்ற நிலையில், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் கோளாறு உண்டு. ஒரே அடியில் பிஸ்டன் உடைந்த சம்பவங்கள் இருக்கின்றன. இதைத் தடுக்கவே 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி (API SP) என்ற இன்ஜின் ஆயில் தரத்தில் தனிச் சோதனை சேர்க்கப்பட்டது. இன்ஜினைக் காப்பாற்றுகிறேன் என்று டர்போ காரை டாப் கியரில் திணற வைப்பவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது யோசிக்கலாம்.

மெதுவாக, லேசான பாரத்தில், சமதரையில் 1,500-இல் போவதில் தப்பே இல்லை. அதே நிலையிலிருந்து கியர் இறக்காமல் மிதிப்பதுதான் வம்பு.

தொடர்ந்து பிடித்தால்?

சரி, அரை மணி நேரம் விடாமல் 6,500-இல் வைத்தால்? இங்கே இன்ஜின் வகையைப் பார்க்க வேண்டும். டர்போ இல்லாத இன்ஜின், ரெட்லைனுக்குக் கொஞ்சம் கீழே, ஆக்சிலரேட்டர் பாதிதான் அழுத்தியிருக்கிறது என்றால் கவலை இல்லை; கூலிங் சமாளிக்கும். டர்போ என்றால் எதிரி சூடு. ஆயில் வெப்பம் ஏறிக்கொண்டே போனால் படலமும் மெலியும், டர்போ பேரிங்கும் வேகும். ரேஸ் டிராக்கில் இதோடு வளைவுகளும் சேரும். சாதாரண ஆயில் சம்ப் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) உள்ள காரில் நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். அப்போது 7,000 ஆர்.பி.எம். சில நொடிகளிலேயே பேரிங்கைத் தின்றுவிடும். ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் இதற்காகத்தான்.

குளிர்ந்த இன்ஜினில் ரெவ் ஏற்றுவதற்கு மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது. கூலண்ட் முள் நடுவுக்கு வந்ததும் பலர் மிதிக்கிறார்கள். ஆயில் அதற்குப் பிறகுதான் சூடாகும். பிஎம்டபிள்யூவின் இ46 எம்3-இல் ரெவ் மீட்டரைச் சுற்றி விளக்குகள் எரியும், ஆயில் சூடேற ஏற ஒவ்வொன்றாக அணைந்து எல்லையை மேலே தள்ளும். எல்லாக் கார்களிலும் இருந்திருக்க வேண்டிய யோசனை.

மாஸ்டா ஆர்எக்ஸ்-8-இன், முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜின் இந்த விவாதத்துக்கே வெளியே நிற்கிறது. தண்டு 9,000 சுற்றும்போது ரோட்டர் 3,000-தான் சுற்றும், மேலும் கீழுமாகப் போய்வரும் பிஸ்டனும் இல்லை. அடக்கி ஓட்டினால் கார்பன் படிந்து ரோட்டரின் சீல்களுக்கு ஆகாது. அதை அவ்வப்போது ரெட்லைன் காட்டியே ஆக வேண்டும்.

பழைய கார் வாங்கும்போது

ரெவ் லிமிட்டர் காப்பாற்றும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்காம் கியரில் 7,000-இலிருந்து ஐந்துக்குப் போட வேண்டியதை மூன்றில் போட்டுவிட்டால், சக்கரமே இன்ஜினைச் சுற்றிவிடும். லிமிட்டர் எரிபொருளை நிறுத்தலாம், சக்கரத்தை நிறுத்த முடியாது. வால்வு பிஸ்டனில் மோதுவது பெரும்பாலும் இப்படித்தான். பல போர்ஷே கார்களின் இசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) இந்த மீறல்களை ரெவ் அளவு வாரியாக அடுக்கடுக்காகப் பதிந்து வைத்திருக்கும். மேனுவல் கியர் 911 ஒன்றைப் பார்க்கப் போனால் நான் முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான். ரெட்லைனை ஒட்டிய முதல் அடுக்கில் எண்ணிக்கை நிறைய இருந்தாலும் பயப்பட மாட்டேன். மேல் அடுக்குகளில், அதுவும் சமீபத்திய இன்ஜின் மணிநேரத்தில் ஏதாவது பதிவாகியிருந்தால், சிலிண்டரின் அழுத்தத்தைப் பார்க்கும் கம்ப்ரஷன் சோதனை முடியும்வரை விலையைப் பற்றிப் பேசவே மாட்டேன்.