டிக்கெட் கிடையாது, பாய் எடுத்துட்டுப் போங்க: ஊரூர் ஆல்காட் குப்பம் விழா

சென்னை எலியட்ஸ் கடற்கரைக்குப் பல வருடமாகப் போய்வருகிறேன். கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம் வரை நடப்பேன், திரும்பிவிடுவேன். அதைத் தாண்டி வடக்கே, அடையாறு கடலில் கலக்கிற பக்கம் இருக்கும் மீனவர் ஊரான ஊரூர் ஆல்காட் குப்பத்துக்குள் முதல் தடவை கால் வைத்ததே இந்த விழாவுக்காகத்தான்.

2015-இல் பாடகர் டி.எம்.கிருஷ்ணா, சூழலியல் செயல்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் போன்றவர்களும் குப்பத்து மக்களும் சேர்ந்து தொடங்கியது இது. கர்நாடக இசை, பரதம், பறையாட்டம், கூத்து என்று சேர்ந்தே இருக்காதவையெல்லாம் ஒரே மேடையில். பிறகு சென்னைக் கலைத் தெரு விழா என்று பெயர் மாறி வேறு இடங்களிலும் நடந்தது.

இலவசம் என்பது பெரிய விஷயமா என்று கேட்கலாம். மார்கழியில் சபாக்களில் மதியக் கச்சேரிகள் நிறைய இலவசம்தான், யாரும் வாசலில் நின்று தடுப்பதில்லை, ஆனால் விடியற்காலையில் கடலுக்குப் போய்வந்த ஒருவர் அந்த ஹாலுக்குள் கூச்சமில்லாமல் நுழைந்து நடு வரிசையில் உட்காருவாரா? இங்கே கச்சேரியே அவர் வாசலுக்கு வந்திருக்கிறது, கூச்சப்பட வேண்டியது நாம்தான். நான் எங்கே உட்காருவது என்று தயங்கி நின்றபோது ஒரு அம்மா தன் கூடையை நகர்த்தி, "குந்து தம்பி, எடம் இருக்குது" என்றார். எனக்கு அந்த மாலையில் மிகவும் பிடித்தது அதுதான்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடற்காற்று மைக்கில் மோதும், ஆலாபனையில் மெலிதான இடங்கள் கொஞ்சம் காற்றோடு போய்விடும். ஏசி ஹால் துல்லியத்தை எதிர்பார்த்து வராதீர்கள். ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடும் என்பதால் பறைக் கலைஞர்கள் மேடைக்குப் பின்னால் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள், விரலால் தட்டிப் பார்ப்பது, மறுபடி நெருப்பில் காட்டுவது, மறுபடி தட்டுவது. சீக்கிரம் போனால் இதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். குழந்தைகள் ஓடுவார்கள், யாராவது நடுவில் எழுந்து போவார்கள், அது தொந்தரவாகவே தெரியவில்லை.

தொந்தரவாக இருந்தது வேறு. வெளியிலிருந்து வந்த சிலர் கேமராவோடு வீட்டு வாசல் வரை போய், ஒரு வார்த்தை கேட்காமல் பிள்ளைகளையும் வலை பின்னுகிறவர்களையும் படம் எடுத்தார்கள். நம் வீட்டு வாசலில் யாராவது அப்படி நின்றால் விடுவோமா? அப்புறம் கார். சந்து குறுகல், தயவுசெய்து கொண்டுவராதீர்கள். பெசன்ட் நகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். ஒரு பாய், தண்ணீர் பாட்டில் போதும். பசித்தால் அங்கேயே சூடாக மீன் வறுத்துக் கொடுக்கிறார்கள், குப்பத்துப் பெண்களிடமே வாங்குங்கள்.

இன்னொன்று. பாட்டுக் கச்சேரி முடிந்ததும் நகரத்திலிருந்து வந்தவர்கள் கொஞ்சம் பேர் மணலைத் தட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள், பறை அப்போது இன்னும் தொடங்கவே இல்லை. எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. இரண்டு மணி நேரம் கீர்த்தனையைக் கேட்டுவிட்டுத்தானே அந்த ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்! இது போன்ற விழா எங்கே நடந்தாலும் போங்கள், ஆனால் கடைசி அடி வரை இருங்கள்.