ஒரு கோனுக்கு எத்தனை பீஸ்? தையல் நூல் கணக்கில் ஒன்பது வருடம்

திருப்பூரில் வெறுமனே 'நூல்' என்றால் நிட்டிங்குக்குப் போகிற நூல்தான். அது கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால் ஊரே பேசும். தையல் நூலுக்கு அந்த மரியாதை கிடையாது. அது தீர்ந்து லைன் நிற்கிற அன்றைக்குத்தான் எல்லோரும் ஸ்டோர் பக்கம் ஓடுவார்கள்.

மங்கலம் ரோட்டுப் பக்கம் ஒரு நடுத்தர பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக ஒன்பது வருடமாக இருக்கிறேன். ஆர்டர் வந்ததும் எத்தனை கோன் (கூம்புக் குழாயில் சுற்றிய தையல் நூல்) வாங்குவது என்று சொல்ல வேண்டியது என் வேலை. இதற்குள் மூன்று விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

சேர்ந்த புதிதில் எனக்கிருந்தது ஸ்டோர் அண்ணனின் அனுபவம் மட்டும்தான். "டி-ஷர்ட்டுன்னா கோனுக்கு அறுபது பீஸ் போட்டுக்குங்க தம்பி, தப்பாது" என்பார். 5000 மீட்டர் கோனுக்கு அந்தக் கணக்கு உண்மையிலேயே தப்பவில்லை. அப்புறம் 6,000 பீஸ் ஃப்ளீஸ் ஹூடி வந்தது. டி-ஷர்ட்டில் ஓடிய கணக்கையே தையல் நீளத்துக்குத் தகுந்தபடி கூட்டிப் போட்டேன். ஏறக்குறைய 600 பீஸ் பாக்கி இருக்கும்போது நூல் தீர்ந்துவிட்டது. அவசரமாக வாங்கிய இரண்டாவது லாட் ஷேடு சேரவில்லை. கங்காரு பாக்கெட்டின் மேல்தையலில் அது பளிச்சென்று தெரிந்தது. அத்தனை பாக்கெட்டையும் பிரித்துத் தைத்தோம்.

பிழை எங்கே என்று பிறகுதான் புரிந்தது. சிங்கர் தையலில், அதாவது ஒற்றை ஊசியில் நேராக ஓடும் சாதாரணத் தையலில், ஒரு செ.மீ.க்கு ஆகும் நூலைச் சுலபமாகக் கணக்கிடலாம். மேலே ஒரு செ.மீ., கீழே ஒரு செ.மீ., ஆக 2. அதோடு ஊசி குத்தும் ஒவ்வொரு தையலுக்கும் மேல்நூலும் கீழே இருக்கும் பாபின் நூலுமாகச் சேர்ந்து துணியின் கனத்தைப் போல இரண்டு மடங்கு உள்ளே போகிறது. செ.மீ.க்கு 4 தையல், இரண்டு மடிப்பும் சேர்ந்து 1 மி.மீ. கனமுள்ள சிங்கிள் ஜெர்சி என்றால் 2 + (2 × 0.1 × 4) = 2.8 செ.மீ. அதே தையல் 3 மி.மீ. கனமான ஃப்ளீஸில் 4.4 ஆகிவிடும். துணியின் கனம் நூலைத் தின்னும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்து வந்தது விகித அட்டவணை. தையல் வகைகளுக்கு ஐஎஸ்ஓ 4915 என்ற சர்வதேசத் தரத்தில் எண் உண்டு: சிங்கர் 301, துணி ஓரத்தைச் சுற்றிப் பின்னும் நான்கு நூல் ஓவர்லாக் 514, மடிப்பின் மேல் இரண்டு கோடாக ஓடும் இரண்டு ஊசி பேட்லாக் 406. இந்த எண்ணுக்கு நேராக, ஒரு செ.மீ. தையலுக்கு எத்தனை செ.மீ. நூல் ஆகும் என்று நூல் நிறுவனங்கள் அட்டவணை தருகின்றன. நான் பயன்படுத்தியதில் 406-க்கு 18 என்று இருந்தது. இரண்டு வருடம் அதை அப்படியே எக்செலில் போட்டேன். நூல் குறையவே இல்லை, ஆனால் ஸ்டோர் ரேக் முழுக்க மிச்சக் கோன் சேர்ந்துகொண்டே போனது. அட்டவணையின் அடியில் 'செ.மீ.க்கு 7 தையல்' என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. நாங்கள் ஓட்டுவது இஞ்ச்சுக்கு 12, அதாவது செ.மீ.க்கு 4.7 தான். எங்கள் பேட்லாக்கைப் பிரித்து அளந்தபோது 13 தான் வந்தது.

ஆறு வருடமாக நான் விடாமல் செய்வது இந்தப் பிரித்து அளக்கும் வேலையைத்தான். அப்ரூவ் ஆன சாம்பிளில் பேனாவால் 10 செ.மீ. குறித்து, இரண்டு முனையிலும் வெட்டி, ஒவ்வொரு நூலாக உருவ வேண்டும். ஓவர்லாக்கில் முதலில் ஊசி நூல் வரும், பிறகு லூப்பர் (ஊசி நூலோடு கண்ணி போடும் கொக்கி) நூல் சுருள்சுருளாக அவிழும். இழுக்காமல், சுருக்கம் போகிற அளவுக்கு மட்டும் ஸ்கேல் மேல் நீவி அளக்க வேண்டும். லூப்பரில் பல கம்பெனிகள் போடும் டெக்ஸ்சரைஸ்டு (சுருளும் உப்பலுமான) நூலை இழுத்தால் நீளும், கணக்கு கெட்டுவிடும். ஒரு சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட்டில் எனக்கு வந்தது: ஊசிகள் 21, 20, மேல் லூப்பர் 54, கீழ் லூப்பர் 57. மொத்தம் 152, விகிதம் 15.2. அந்த ஹூடி சாம்பிளை எடுத்து அளந்தபோது 19-ஐத் தாண்டியது.

அந்த டி-ஷர்ட்டில் ஓவர்லாக் தையல் 284 செ.மீ., பேட்லாக் 176, சிங்கர் 50. ஒவ்வொன்றையும் அதனதன் விகிதத்தால் பெருக்கிக் கூட்டினால் சுமார் 67.5 மீட்டர். இதோடு முடியவில்லை. ஓவர்லாக்கில் ஒவ்வொரு தையலின் முனையிலும் சங்கிலி மாதிரி வால் ஓடுகிறதே, அதை அளந்தேன். பீஸுக்கு ஏழு தையல் கோடு, கோட்டுக்கு சராசரி 6 செ.மீ. வால், பிரித்து அளந்தால் மொத்தம் 5 மீட்டர் நூல்! பிசிறு வெட்டும் மேஜைக்குக் கீழே கூட்டித் தள்ளுவதெல்லாம் அதுதான். ஆக 72.5 மீட்டர். நூல் அறுவது, கோர்ப்பது, ரீவொர்க் எல்லாவற்றுக்கும் சேர்த்து 12 சதவீதம் வைக்கிறேன். அப்படிப் பார்த்தால் ஒரு கோனுக்கு 61 பீஸ். ஸ்டோர் அண்ணன் சொன்னது எவ்வளவு சரி!

ஆனால் மீட்டர் சரியாக வந்த பிறகும் ஒருநாள் லைன் நின்றது. ஒரு கலருக்கு 1,200 பீஸ். கணக்குப்படி 20 கோன் போதும், 20 கோன்தான் வாங்கினேன். லைனிலோ பாபின் தவிர ஒவ்வொரு நூலுக்கும் தனிக் கோன் வேண்டும்: நான்கு ஓவர்லாக்குக்கு 16, மூன்று பேட்லாக்குக்கு 9, இரண்டு சிங்கருக்கு 2, ஆக 27 கோன் ஸ்டாண்டில் ஏற வேண்டும். நூல் இருக்கிறது, ஏற்றத்தான் கோன் இல்லை. போதாததற்கு எல்லாக் கோனும் ஒரே வேகத்தில் தீராது. கீழ் லூப்பர் கோன் 277 பீஸில் காலியாகும்போது ஊசிக் கோனில் 3,200 மீட்டர் அப்படியே இருக்கும். அட்டவணையோ ஆன்லைன் கால்குலேட்டரோ, நான் பயன்படுத்திய எதுவும் இதைச் சொல்லவில்லை. இப்போது என் ஷீட்டில் மீட்டர் கணக்குக்குப் பக்கத்தில் 'ஸ்டாண்ட்' என்று இன்னொரு நெடுவரிசை உண்டு.

மிச்சக் கோனை எடை போடுவதும் அப்போது பழகியதுதான். டெக்ஸ் என்பது நூலின் கனத்தைச் சொல்லும் எண்; டெக்ஸ் 27 என்றால் 1000 மீட்டர் 27 கிராம். காலிக் குழாயின் எடையைக் கழித்து 54 கிராம் நின்றால் 2,000 மீட்டர் இருக்கிறது. கண்ணால் பார்த்து 'அரைக் கோன்' என்று எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

போன மாதம் ஒன்பது கலர் ஆர்டர் ஒன்று. அதிலும் கலருக்கு 1,200 பீஸ்தான். 27 கோனா, 20 கோனா என்று நான் ஷீட்டோடு நின்றுகொண்டிருந்தபோது ஓவர்லாக் அக்கா சொன்னார்: "இந்தக் கலருக்கு ரெண்டு மிஷின் போதுமுங்க தம்பி. மத்த ரெண்டுல அடுத்த கலரைக் கோத்து வெச்சரலாம்." பேட்லாக்கையும் இரண்டாக, சிங்கரை ஒன்றாகக் குறைத்தோம். 15 கோன் ஸ்டாண்டில் ஏறியது, 5 கையிருப்பில் இருந்தது. கலர் மாற்றும்போது மிஷின் நிற்கவும் இல்லை. முதல் கலர் முடிந்ததும் மிஞ்சியதை எடை போட்டேன்: குழாய் எடை போக 243 கிராம், 9,000 மீட்டர்.