நிதி அறிக்கை வகுப்பு என்ற பெயரில் நடப்பது

புதுச்சேரி, கடலூர் பக்கம் இருப்பவர்கள் கவனத்துக்கு. 'நிறுவனங்களின் நிதி அறிக்கைகளை நீங்களே படித்து முதலீடு செய்யலாம், வார இறுதி வகுப்பு' என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. 12,000 ரூபாய் கட்டி அந்த வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் நடத்துபவர்களின் பெயரைச் சொல்லவில்லை.

வகுப்பு புதுச்சேரியில் ஓர் ஓட்டல் அரங்கில் நடந்தது. வந்தவர்களில் பலர் பணி ஓய்வுத் தொகையைக் கையில் வைத்திருக்கும் பெரியவர்கள். முதல் நாள் முழுக்கத் திரையில் ஓடியது விற்பனையும் லாபமும் ஆண்டுக்கு ஆண்டு உயரும் வரைபடங்கள்தான். அதோடு பங்கு விலைக்கும் ஒரு பங்கு ஈட்டிய லாபத்துக்கும் உள்ள விகிதம். இந்த எண்கள் பல இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இரண்டாம் நாள் ஒரு சிறிய நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திரையில் போட்டார் பயிற்சியாளர். லாபம் மூன்று ஆண்டுகளாக ஏறுமுகம். "இதுதான் நாளைய நட்சத்திரம்" என்றார். என் பக்கத்தில் இருந்தவர் நெய்வேலியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் எழுந்து, "சார், பணப்புழக்க அறிக்கையைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றார். உண்மையில் எவ்வளவு காசு வந்தது, எவ்வளவு போனது என்று காட்டும் அறிக்கை அது. தயக்கத்தோடு பக்கத்தைத் தள்ளினார்கள். தொழில் நடவடிக்கையிலிருந்து வந்த பணம் அந்த மூன்று ஆண்டுகளுமே கழித்தல் குறியில் இருந்தது. சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில், வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக வீங்கியிருந்தது. பொருள் விற்றதாகக் கணக்கு இருக்கிறது, காசு வந்து சேரவில்லை. அந்த லாபத்தை நம்புவதா வேண்டாமா என்பதைத்தானே வகுப்பில் பேச வேண்டும்? பயிற்சியாளர் சொன்னது இதுதான்: "ஐயா, அதெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். நாம் வளர்ச்சியைப் பார்த்தால் போதும்."

எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனக் கணக்கிலும் ஆடிட்டர் கையெழுத்து இருந்தது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஓய்வுக்காலச் சேமிப்போடு வந்திருப்பவர்களிடம் 'ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்' என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

தணிக்கையாளர் (ஆடிட்டர்) அறிக்கையை அவர்கள் திறக்கவே இல்லை. தணிக்கையாளர் முழு ஒப்புதல் தந்தாரா, ஏதாவது ஆட்சேபம் தெரிவித்தாரா என்பது அதில்தான் இருக்கும். குறிப்புகள் பகுதியும் அப்படியே போனது. புரமோட்டர் (நிறுவனத்தைத் தொடங்கி, கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்) குடும்பத்தின் வேறு நிறுவனங்களுக்குக் கடன் போயிருக்கிறதா, வழக்குகளால் பின்னால் தலைமேல் விழக்கூடிய பொறுப்புகள் எவ்வளவு, வர வேண்டிய பாக்கியில் எவ்வளவு ஆண்டுக் கணக்கில் தேங்கிக் கிடக்கிறது என எல்லாம் அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கின்றன. என்னைக் கேட்டால் ஆண்டறிக்கையைப் பின்பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவதே மேல். முன்பக்கம் வழவழப்பான படங்களும் தலைவரின் கடிதமும்தான்.

மதியத்துக்குப் பிறகு உண்மையான வியாபாரம் தொடங்கியது. "இவ்வளவையும் நீங்கள் படித்துக்கொண்டிருக்க முடியாது. எங்கள் குழுவில் சேருங்கள், எதை வாங்க வேண்டும், எப்போது விற்க வேண்டும் என்று நாங்களே சொல்கிறோம்." அதற்கு ஆண்டுக் கட்டணம் தனி. பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் பதிவு எண் என்ன என்று கேட்டேன். "நாங்கள் கல்வி மட்டும்தான் தருகிறோம், பதிவு தேவையில்லை" என்றார்கள். வெறுமனே கற்றுக்கொடுக்கப் பதிவு தேவையில்லை, உண்மைதான். கட்டணம் வாங்கிக்கொண்டு இந்தப் பங்கை வாங்கு, அதை விற்றுவிடு என்று சொல்லப் பதிவு கட்டாயம். முதலீட்டு ஆலோசகரின் பதிவு எண் ஐஎன்ஏ என்றும், பங்கு ஆய்வாளரின் எண் ஐஎன்ஹெச் என்றும் தொடங்கும். செபி இணையதளத்தில் பெயரைப் போட்டுச் சரிபார்க்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரசீதின் பின்புறம் 'கட்டணம் திருப்பித் தரப்படாது' என்று அச்சிட்டிருப்பதைக் காட்டினார்கள். அப்படி அச்சிட்டுவிட்டதாலேயே நம் உரிமை போய்விடாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. விளம்பரம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள்.

பட்டியலிட்ட எல்லா நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளும் மும்பை, தேசியப் பங்குச்சந்தைகளின் தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்களிடம் ஏற்கெனவே ஏதாவது ஒரு பங்கு இருந்தால் அதன் அறிக்கையையே எடுங்கள். ஐந்து ஆண்டு நிகர லாபத்தை ஒரு வரிசையிலும், தொழில் நடவடிக்கையில் வந்த பணத்தை அதன் கீழும் எழுதிப் பாருங்கள். அந்த வகுப்பு சொல்லித் தந்ததைவிட அதிகமாக ஒரே மாலையில் தெரிந்துகொள்வீர்கள்.

இதே ஆட்கள் அடுத்த வகுப்பைக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடத்தப் போவதாக நேற்று செய்தி வந்தது. போயே ஆக வேண்டும் என்றால், பணம் கட்டும் முன் பாடத்திட்டத்தை எழுத்தில் கேளுங்கள். அதில் பணப்புழக்க அறிக்கையும் தணிக்கையாளர் அறிக்கையும் இல்லையென்றால் பணம் கட்டாதீர்கள்.