மணமூட்டிய தாடி எண்ணெய் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

இணைய விளம்பரம் பார்த்து வாங்கிய சந்தன மணத் தாடி எண்ணெய் ஒன்று என் முகத்தோலைப் புண்ணாக்கியது. விற்றவர்கள் பொறுப்பேற்க மறுத்ததோடு நில்லாமல், எரிந்தாலும் விடாமல் தடவுங்கள் என்று எழுத்து வடிவிலேயே அறிவுரையும் சொன்னார்கள். பணம் போனதைப் பொறுத்துக்கொள்ளலாம். இப்படி ஓர் அறிவுரையை இன்னும் எத்தனை பேருக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்களோ என்ற கவலைதான் இந்தப் பதிவை எழுதக் காரணம்.

விளம்பரப் பக்கத்தில் காட்டப்பட்ட புட்டியின் பின்புறத்தில் உட்பொருள்கள் வரிசையாக அச்சாகியிருந்தன: ஜோஜோபா எண்ணெய், ஆர்கன் எண்ணெய், பாதாம் எண்ணெய், சந்தன எண்ணெய். கீழே உற்பத்தி உரிம எண்ணும் இருந்தது. அதைப் படித்த பிறகே 30 மில்லி புட்டி ஒன்றுக்கு 649 ரூபாய் கட்டினேன். கூரியரில் வந்த புட்டியின் முன்புறச் சீட்டு படத்தில் இருந்ததைப் போலவே இருந்தது. பின்புறத்திலோ "இயற்கை எண்ணெய்கள், நறுமணம்" என்ற ஒற்றை வரிதான். தயாரித்தவரின் முகவரி, உரிம எண், தொகுதி எண் (பேட்ச் நம்பர்) எதுவும் இல்லை; காலாவதி மாதம் ரப்பர் முத்திரையால் மங்கலாகக் குத்தப்பட்டிருந்தது. அன்றே வாட்ஸ்அப்பில் விளக்கம் கேட்டேன். "புது லேபிள் பிரிண்ட் ஆகிறது சார், உள்ளே இருப்பது அதே எண்ணெய்தான்" என்று பதில் வந்தது.

மணம் தொடக்கத்திலேயே தூக்கலாக இருந்தது. மூடியைத் திறந்தால் அறை முழுவதும் பரவும் அளவுக்கு இனிப்பும் காரமும் கலந்த வாசனை. ஆனால் காலையில் தடவினால் மதியத்துக்குள் அது அடங்கிவிடும்; அடங்கிய பிறகு தாடியிலிருந்து சிக்கு வாடை எழுந்தது. கெட்டுப்போன எண்ணெயின் வாடையை மறைக்கத்தான் அவ்வளவு மணத்தை ஏற்றியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. அதைத் தொடர்ந்து தாடைக்குக் கீழே அரிப்பு தொடங்கியது. பிறகு கன்னங்கள் சிவந்து தடித்தன. ஒரு கட்டத்தில் தாடியின் ஓரங்களில் நீர் கசிந்து பொருக்குத் தட்டியது. எண்ணெயை உடனே நிறுத்தி, புகைப்படங்களுடன் விற்றவர்களுக்குத் தெரிவித்தேன்.

அவர்கள் அனுப்பிய பதில் இதுதான்: "இயற்கையான பொருள் சார், ஆரம்பத்தில் சிலருக்கு எரியும். தோலில் இருக்கும் நச்சு வெளியேறுகிறது என்று அர்த்தம். இன்னும் இரண்டு வாரம் விடாமல் போடுங்கள்." ஒவ்வாமையால் சிவந்து கசியும் தோலில் அதே பொருளை மேலும் தடவினால் வீக்கம் கூடும், புண்ணில் சீழ் பிடிக்கவும் கூடும். எண்ணெய் தடவினால் தோலிலிருந்து நச்சு வெளியேறும் என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. தோல் எரிந்தால் நிறுத்த வேண்டும். அதற்கு மாறாக யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

என்னைப் பார்த்த தோல் மருத்துவர், புண் ஆறிய பிறகு முதுகில் ஒட்டுச் சோதனை செய்தார். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களைச் சிறு வில்லைகளில் இட்டு ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, அதற்கு ஓரிரு நாள்களுக்குப் பின் மறுபடியும் பார்க்கும் சோதனை அது. வழக்கமாக ஒட்டும் வில்லைகளில் நறுமணக் கலவை என்று ஒன்று உண்டு. இலவங்கப்பட்டையில் இருக்கும் சின்னமால், கிராம்பில் இருக்கும் யூஜெனால், ஜெரானியால் முதலான எட்டுப் பொருள்கள் அதில் அடங்கும். அந்த இடமும், நான் கொண்டுபோன தாடி எண்ணெயை ஒட்டிய இடமும் சிவந்து தடித்தன. இத்தகைய ஒவ்வாமை ஒருமுறை உண்டாகிவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நீடிக்கும் என்றார் மருத்துவர். சோப்பு, ஷாம்பு, சவர நுரை என்று எதை வாங்கினாலும் நறுமணம் சேர்க்காததாகத் தேடி வாங்க வேண்டிய நிலை இப்போது எனக்கு. 649 ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டால் இந்த இழப்பு ஈடாகிவிடாது.

செயற்கை மணப்பொருள் என்பதாலேயே ஒன்று கெட்டது என்று நான் சொல்லவில்லை. இலவங்கப்பட்டை எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் முழுக்க இயற்கையானவை. ஆனாலும் தோலில் ஒவ்வாமையைத் தூண்டுவதில் அவை முன்வரிசையில் நிற்கின்றன. எலுமிச்சை, ஆரஞ்சு, லாவெண்டர் போன்றவற்றின் மணத்துக்குக் காரணமான லிமோனீன், லினலூல் ஆகியவை புதிதாக இருக்கும்போது அவ்வளவு தொல்லை தருவதில்லை. காற்றுப் பட்டு ஆக்ஸிஜனேற்றம் அடைந்த பிறகுதான் ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்களாக மாறுகின்றன. ஆகவே பழைய புட்டி புதிய புட்டியைவிட ஆபத்தானது. பெர்கமாட் என்னும் நாரத்தை வகைப் பழத்தோலின் எண்ணெயில் பெர்காப்டன் என்ற பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கருந்திட்டுகள் விழும். பெர்கமாட் மணம் ஆண்களுக்கான பொருள்களில் மிகவும் வழக்கமானது என்பதால், நம் ஊர் வெயிலில் வண்டி ஓட்டிச் செல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெர்காப்டன் நீக்கப்பட்ட பெர்கமாட் எண்ணெயும் விற்பனையில் உண்டு. அப்படியானால் சில தயாரிப்பாளர்கள் அதைச் சீட்டில் குறிப்பிடுவார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில், தோலில் தங்கும் அழகுசாதனப் பொருளில் இத்தகைய மணப்பொருள் 0.001 விழுக்காட்டைத் தாண்டினாலே அதன் பெயரைத் தனியாக அச்சிட வேண்டும். முதலில் 26 பொருள்களுக்கு இருந்த இந்த விதியை 2023இல் எண்பதுக்கும் மேற்பட்டவற்றுக்கு விரிவாக்கினார்கள். நம் சந்தையிலோ பெரும்பாலான புட்டிகளில் எல்லாமே "நறுமணம்" அல்லது "பெர்ஃப்யூம்" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. லினலூல், லிமோனீன், யூஜெனால், ஜெரானியால் என்று பெயர் பெயராக எழுதியிருக்கும் புட்டியைக் கண்டு சிலர் வேதிப்பொருள் என்று அஞ்சி ஒதுக்குகிறார்கள். எனக்கு அந்தப் புட்டிதான் நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது, ஏனெனில் எனக்கு ஆகாதது அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள முடிகிறது.

சந்தனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அசல் சந்தன எண்ணெய் கிலோ லட்ச ரூபாய்க்கு மேல் விற்கும் பொருள். அதற்காக அதைத் தாடி எண்ணெயில் சேர்க்கவே முடியாது என்பதில்லை. 30 மில்லியில் ஒரு விழுக்காடு என்றால் 0.3 மில்லிதான், 649 ரூபாய்ப் புட்டிக்குக் கட்டுப்படியாகும். ஆனால் அந்த அளவு சந்தனம் அறையை நிறைக்காது. கல்லில் சந்தனம் உரைத்துப் பழகிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும்: அதன் மணம் மென்மையாக எழுந்து, தோலோடு ஒட்டி, நெடுநேரம் நிற்கும். திறந்தவுடன் மூக்கைத் தாக்கி, மதியத்துக்குள் காணாமல் போகும் மணம் சந்தனத்தின் இயல்பு அன்று. எனக்கு விற்கப்பட்டதில் சந்தனம் இருந்ததாக நான் நம்பவில்லை.

அதே விளம்பரத்தில் "30 நாளில் அடர்ந்த தாடி" என்ற வாக்குறுதியும் இருந்தது. தாடியின் அடர்த்தியைத் தீர்மானிப்பவை மரபணுக்களும் ஆண் ஹார்மோன்களும்தான். எண்ணெய் செய்வது இருக்கும் மயிரை மிருதுவாக்குவதும், அதன் கீழுள்ள தோல் வறளாமல் காப்பதும் மட்டுமே. அதுவே போதுமான பயன் என்பது என் கருத்து. மயிர் வளர்ச்சிக்குப் பயன்படும் மினாக்சிடில் ஒரு மருந்து. மருத்துவரிடம் கேட்டுப் பயன்படுத்த வேண்டியது. ஆகவே அழகுசாதனம் என்ற பெயரில் விற்கும் எண்ணெய் மயிரை வளர்க்கும் என்று உறுதி சொன்னால், அந்த உறுதி பொய்யாக இருக்க வேண்டும், அல்லது சொல்லாமல் ஏதோ மருந்தைக் கலந்திருக்க வேண்டும். இரண்டுமே வாங்கக்கூடாததற்குக் காரணங்கள்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி, உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும், உரிம எண், தொகுதி எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்பு, உட்பொருள் பட்டியல் ஆகியவை சீட்டில் இருக்க வேண்டும். ஒரு விழுக்காட்டுக்கு மேல் உள்ள பொருள்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். பட்டியலைப் படிக்க இந்த விதி பெரிதும் உதவும்: முகப்பில் ஆர்கன் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, பின்புறத்தில் முதல் பெயராகத் திரவ பாரஃபின் (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய்) இருந்தால், நீங்கள் வாங்குவது பெரும்பாலும் திரவ பாரஃபின்தான். வெளிநாட்டுப் பொருளானால் இறக்குமதிப் பதிவு எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்க வேண்டும். இணையத்தில் வாங்கினால், புட்டியைத் திறப்பதற்கு முன்பே பின்புறத்தை விளம்பரப் படத்தோடு ஒப்பிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் மாறி வந்தது என்று நான் நிறுவ முடிந்தது அந்தப் படங்களால்தான்.

நல்ல எண்ணெயே கிடைத்தாலும் நேராக முகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். முழங்கையின் உட்புறத்தில் ஒரே இடத்தில் காலையும் மாலையும் சிறிது தடவி ஒரு வாரம் பாருங்கள். ஒவ்வாமை முதல் நாளே தெரிந்துவிட வேண்டும் என்பதில்லை. தாடிக்கு மூன்று நான்கு சொட்டுப் போதும், நீளமான தாடிக்கு இன்னும் சற்றுக் கூடுதல். குளித்து ஈரம் துடைத்த உடனே, உள்ளங்கையில் தேய்த்து, விரல் நுனிகளால் முதலில் தோலில் படவைத்து, பிறகு மயிரில் இழுத்துவிட்டுச் சீவ வேண்டும். பிளேடு பட்ட கீறலில் மணமூட்டிய எதையும் தடவக்கூடாது. தாடிக்குள் பொடுகு உதிர்பவர்கள் எண்ணெயைக் கூட்டிக்கொண்டே போகக்கூடாது. அதற்குத் தொடர்புள்ள மலசீசியா என்னும் பூஞ்சை தோலின் கொழுப்பை உண்டு வாழ்வது, பல எண்ணெய்களும் அதற்கு இரையாகும். புட்டியை வெயில் படும் சன்னலிலோ வண்டிப் பெட்டியிலோ வைக்காதீர்கள். சிக்கு வாடை வந்தால், காலாவதித் தேதி எதுவாயினும் அதை முகத்தில் தடவக்கூடாது.

என் புகாரின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய விமர்சனத்தை நீக்கினால் அடுத்த வாங்கலுக்குத் தள்ளுபடி தருவதாக விற்றவர்கள் சொன்னார்கள், நான் நீக்கவில்லை. திறந்த புட்டியைத் திரும்பப் பெற மாட்டோம் என்றார்கள். ஆனால் 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையும் விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையும் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக்கூடாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்த பிறகு பணம் திரும்பி வந்தது. மருத்துவச் செலவுக்கு அவர்கள் இன்றுவரை பதில் சொல்லவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. அதற்கான தாள்களைத் திரட்டிவருகிறேன். உரிம எண் இல்லாத அழகுசாதனத்தை விற்பது குறித்து மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறைக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு புட்டியால் தோல் பாதிக்கப்பட்டிருந்தால், கோபத்தில் அதைக் கொட்டிவிடாதீர்கள். மீதி எண்ணெய், பெட்டி, விலைச்சீட்டு, உரையாடல்களின் படப்பதிவு, மருத்துவர் எழுதிய குறிப்பு ஆகியவற்றை ஒன்றாக வைத்திருங்கள். ஒட்டுச் சோதனைக்கு மருத்துவருக்கும், மாதிரியைப் பரிசோதிக்க அதிகாரிகளுக்கும் அந்த மீதி எண்ணெய் தேவைப்படும்.