ஸ்பெர்மிடின் வாங்கினால் உப்பாக வாங்குங்கள்

செல்லிலிருந்து நியூக்ளியஸைப் பிரித்தெடுப்பது என் அன்றாட வேலை. அதனால் ஸ்பெர்மிடினும் ஸ்பெர்மினும் என் மேசையை விட்டு நகர்வதே இல்லை. இவை பாலிஅமீன்கள், அதாவது செல்லில் இயற்கையாகவே இருக்கும், நேர் மின்னேற்றம் கொண்ட சிறு மூலக்கூறுகள். இரண்டுமே அமிலம் சேராத தனிக் காரமாகவும் கிடைக்கும், ஹைட்ரோகுளோரைடு உப்பாகவும் கிடைக்கும். யார் கேட்டாலும் உப்பைத்தான் சொல்வேன்.

ஸ்பெர்மிடின் தனிக் காரம் அறை வெப்பநிலையில் அரைகுறையாக உருகிக் கிடக்கும். காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுக்கும். நாளாக ஆக நிறம் மாறும், பஃபரில் (பிஹெச்சை நிலையாக வைக்கும் கரைசலில்) ஊற்றினால் பிஹெச் ஏறிவிடும். உப்பு அப்படியில்லை. வெள்ளைப் பொடி, தண்ணீரில் சட்டென்று கரைகிறது. ஆனால் எடை போடும்போது கவனம் தேவை: ஸ்பெர்மிடினின் மூலக்கூறு எடை 145.25, ட்ரைஹைட்ரோகுளோரைடுக்கு 254.6. தனிக் காரத்துக்கு எழுதிய கிராம் கணக்கை உப்புக்கு அப்படியே போட்டால், வேண்டிய செறிவில் 57 சதவீதம்தான் கிடைக்கும்.

சரி, வேலை எப்படிச் செய்கிறது? பஃபரில் 0.15 மில்லிமோலார் ஸ்பெர்மின், 0.5 மில்லிமோலார் ஸ்பெர்மிடின் சேர்த்தால் நியூக்ளியஸ்கள் விளிம்பு தெளிந்து உருண்டையாக நிற்கின்றன. இவையும் மெக்னீசியமும் இல்லாத பஃபரில் அவை ஊதி உடைகின்றன. பிப்பெட்டைத் தூக்கினால் முனையிலிருந்து டிஎன்ஏ கோந்து மாதிரி நூலாகத் தொங்கும். காரணம் மின்னேற்றம். செல்லின் பிஹெச்சில் ஸ்பெர்மிடினுக்கு மூன்று நேர் மின்னேற்றம், ஸ்பெர்மினுக்கு நான்கு. டிஎன்ஏவின் எதிர் மின்னேற்றத்தில் சுமார் 90 சதவீதம் தணிந்ததும் இழை தானாகவே சுருண்டு ஒடுங்குகிறது. இரண்டு மின்னேற்றம் மட்டுமே உள்ள இன்னொரு பாலிஅமீனான புட்ரெசினால் வெறும் நீர்க் கரைசலில் இது முடியாது. ஸ்பெர்மினைக் கொஞ்சம் கூட்டிப் போட்டாலே குரோமாட்டின் (டிஎன்ஏவும் அதைச் சுற்றிவைக்கும் புரதங்களும் சேர்ந்தது) கரைசல் கண்ணெதிரே கலங்குவதைப் பார்க்கலாம்.

எனக்குள்ள ஒரே மனக்குறை பாட்டிலோடு வரும் விவரத் தாள் மேல். செல் வளர்ப்பில் பயன்படுத்தலாம் என்று போட்டிருக்கிறார்கள், சீரம் பற்றி ஒரு வரி இல்லை. கன்றுச் சீரத்தில் உள்ள அமீன் ஆக்சிடேஸ் ஸ்பெர்மினை உடைத்து ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஆல்டிஹைடுகளையும் உண்டாக்கும். அவைதான் செல்லைக் கொல்லும். பழி ஸ்பெர்மின் மேல் விழும். வளர்ப்பு ஊடகத்தில் 1 மில்லிமோலார் அமினோகுவானிடின் சேர்த்தால் அந்த நொதி அடங்கும். இதைப் பாட்டில் மேலேயே அச்சிட வேண்டும் என்பேன். புதிதாக வரும் மாணவர்களின் எத்தனை வாரங்கள் இதில் வீணாகின்றன!

வளர்ச்சியைத் தடுத்துப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் டைஎத்தில்நார்ஸ்பெர்மின் வாங்கலாம். நான் பயன்படுத்தியதில் எனக்கு மிகவும் பிடித்த செயற்கை ஒப்புரு (பாலிஅமீனைப் போலவே செய்த மூலக்கூறு) இது. செல் இதைத் தன்னுடைய பாலிஅமீன் என்றே நம்பி உள்ளே இழுக்கிறது. உள்ளே போனதும் பாலிஅமீன் உற்பத்தியைத் தொடங்கும் ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ் நொதி குறைகிறது, அப்புறம் பாலிஅமீன்களைச் சிதைக்க வழிவிடும் அசிட்டைல் டிரான்ஸ்ஃபரேஸ் நொதி சில மெலனோமா செல்களில் பல நூறு மடங்கு ஏறுகிறது. இயற்கைப் பாலிஅமீன்கள் வற்றிப்போகின்றன, வளர்ச்சி நிற்கிறது. நுழைந்த ஒப்புருவால் அவற்றின் வேலையை முழுதாகச் செய்ய முடியாது. புரத உற்பத்திக்கு வேண்டிய இஐஎஃப்5ஏ என்ற புரதத்தில் ஹைப்பூசின் என்ற சிறப்பு அமினோ அமிலம் உருவாக ஸ்பெர்மிடினே வேண்டும். ஆய்வுக் கருவியாக இதற்கு என் முழு மதிப்பெண். மருந்தாக அந்த அளவு கைகொடுக்கவில்லை, மார்பகப் புற்றுநோய்க்கான இரண்டாம் கட்டச் சோதனையில் பலன் தெரியவில்லை.

மரபணுக்களை இயக்கவும் அடக்கவும் உதவும் குரோமாட்டினின் வேதிக் குறிகளையே மாற்ற விரும்புகிறவர்களுக்கு இது போதாது. அவர்கள் குவானிடின் வகை ஒப்புருக்களைத் தேட வேண்டும். அவை மீத்தைல் குறிகளை நீக்கும் எல்எஸ்டி1 நொதியைத் தடுத்து, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் எச்3 புரதத்தின் நான்காம் லைசினில் மீத்தைல் குறிகளைத் தங்கவைக்கின்றன. குடல் புற்றுநோய்ச் செல்களில் அடங்கிக் கிடந்த மரபணுக்கள் அப்படித் திரும்ப இயங்கியிருக்கின்றன. எதை வாங்கினாலும் சிறிய பாட்டிலாக வாங்கி, கரைத்த ஸ்டாக்கைச் சிறு சிறு ட்யூப்களில் பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். அமினோகுவானிடினை ஒப்பீட்டுக் குழுவிலும் சேர்க்க மறக்காதீர்கள்.