அம்மாவின் கட்டிலருகே வந்த ஆன்மிகத் துணை

அம்மாவின் கடைசி 5 வாரங்களில், வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவிலிருந்து ஆன்மிக ஆலோசகர் ஒருவரை அனுப்பினார்கள். மதம் பேசுவார்களோ என்று பயந்து முதலில் வேண்டாம் என்றேன்.

வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இப்போ உங்களுக்கு எதும்மா தெம்பு தருது?" என்று மட்டும் கேட்டார். அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தன் தங்கையைப் பற்றிச் சொல்லி அழுதார். மறுநாள் சித்தியை ஃபோனில் அழைத்தோம். அன்றிரவு அம்மா நிம்மதியாகத் தூங்கினார். வலிக்குத் தந்த மார்ஃபின் மருந்தின் அளவு அதேதான். 1967-ல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் என்ற இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், உறவு, ஆன்மா நான்கும் சேர்ந்ததே 'முழு வலி' என்றார். அது எனக்குப் புரிந்தது அன்றுதான்.

குணமாகிவிடும் என்று அந்த ஆலோசகர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அதற்காகவே அவரை மதிக்கிறேன். பைபாஸ் சிகிச்சை செய்துகொண்ட சுமார் 1,800 பேரிடம் நடத்தி 2006-ல் வெளியான ஆய்வில், முகம் தெரியாதவர்களின் பிரார்த்தனை சிக்கல்களைக் குறைக்கவில்லை என்பதையும் அவரே சொன்னார். ஆனால் ஜபம் மூச்சை நிதானப்படுத்தும் என்று அம்மாவோடு சேர்ந்து மெல்ல ஜபித்தார். அம்மாவின் தோள்கள் தளர்வதை என் கண்ணால் பார்த்தேன்.

குறை ஒன்று உண்டு. வாரத்துக்கு 2 நாள், அதுவும் பகலில் மட்டும். அம்மாவுக்கோ பயம் வந்ததெல்லாம் நள்ளிரவில். அந்த நேரத்தில் அழைக்க ஓர் எண்ணாவது தந்திருக்க வேண்டும்.

அம்மா போய் பத்தாம் நாள் அவரே கூப்பிட்டார். 40 நிமிடம் நான்தான் பேசினேன்.